வைக்காதேங்கோ, அக்கா வாறா

செலீனாவின் வேலை, சீனிக்கரைசலை ஐந்நூறு பாகை மணலில் தெளிப்பது. அந்தச் சூட்டில் சீனி நொடியில் சிதறி ஆவியாகும். குளிரவிட்டால் மஞ்சள் திரவமாக இறங்கும். பிளாஸ்டிக் செய்ய எண்ணெய்க் கிணறு தேவையில்லை, பீட்ரூட் வயல் போதும் என்று காட்டத்தான் டென்மார்க்கின் ஓல்போர்க் நகருக்கு வெளியே அந்தச் சோதனைக்கூடம். ஓட்டம் ஒரு நிமிடம் தளர்ந்தால் சீனி கருகிக் குழாய்வாயை அடைத்துவிடும். அதனால் இடத்தைவிட்டு அசைய முடியாது. தீப்பற்றும் வாயு என்பதால் கைத்தொலைபேசியும் வாசல் அலுமாரியில்தான்.

2009 மே. போர் முடிந்துவிட்டது. வன்னியில் இருந்த தம்பி நீக்கிலாஸ் உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பார்த்தபோது, காலை பத்தரையளவில் தெரியாத இலங்கை இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு தவறியிருந்தது. திரும்ப எடுத்தாள்.

"இது முகாமுக்குள்ள கைமாறுற ஃபோன், பிள்ளை," என்றது ஒரு கிழக்குரல். "ஆர் எடுத்ததெண்டு எனக்கென்ன தெரியும்? எடுத்த ஆளுக்கு நாளைக்கும் அதே நேரம்தான் கிடைக்கும். ரெண்டு தரம்தான் மணியடிக்கும், எடுக்காட்டி ஃபோன் அடுத்த ஆளுக்கு."

கூட வேலைசெய்யும் ஹென்னிங்கிடம் சொல்லி அழுதாள். அவளைச் 'சீனி மகாராணி' என்று சீண்டுகிற மனிதர்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. ஆனாலும் காலையிலேயே வந்து, தலைக்கவசத்தோடு வாசலில் குந்திவிட்டார்.

"ஃபோனைத் தா. எடுத்தால் என்ன சொல்லவேண்டும்?"

அவர் முன்கையில் டேனிஷ் எழுத்தில் எழுதிக்கொடுத்தாள்: வைக்காதேங்கோ, அக்கா வாறா.

"உங்கள் மொழியில் மூச்சுவிட இடமே இல்லையா?" என்று முணுமுணுத்தபடி பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார்.

பத்து நாற்பதுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஹென்னிங் துள்ளி எழுந்தார். முன்கையைப் பார்த்துப் பார்த்து வாயசைத்தார். கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். செலீனா வெளியே ஓட, ஃபோனை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய் அவள் இடத்தில் நின்றார்.

"அக்கா!"

நீக்கிலாஸ்தான்.

"தம்பி... சாப்பிட்டியோடா?"

"ஓம், ஓம். ஆரக்கா அந்த வெள்ளைக்காரன்? வைக்காதேங்கோ, வைக்காதேங்கோ எண்டு ஒரே கத்தல். வரிசையில நிக்கிற சனமெல்லாம் சிரிக்குது. இஞ்ச சனம் சிரிச்சுக் கனநாள், அக்கா."

ஒன்றரை நிமிடம். அது போதும், தம்பி இருக்கிறான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். ஓட்டம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அன்று இறங்கிய திரவப் போத்தலில் சீட்டு ஒட்டும்போது, 'இயக்கியவர்' என்ற இடத்தில் ஹென்னிங்கின் பெயரை எழுதினாள்.

"எனக்கு இன்று விடுமுறை. அழி அதை," என்றார் ஹென்னிங்.

அவள் அழிக்கவில்லை.