குணம் அண்ணன் போடாத கையெழுத்து

குணம் அண்ணனின் மகள் அழைத்தபோது நான் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார். ஹார்ட் அட்டாக்" என்றாள். "சரிம்மா" என்றேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இந்த ஊரில் அழுவதற்கும் முதலில் வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிற இந்த ஊர்த் தமிழர் பலருக்கும் அவரைத் தெரியும். கிளேட்டனில் வீடு, மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப் போகிற இரவு வேலை, ஞாயிறு காலையில் எங்கள் கைத்துப்பாக்கிக் கழகத்தில் சுடுதளப் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தூக்கம் போதாத கண்கள்தான் அவருக்கு எப்போதும்.

நான் கழகத்துக்குப் போன முதல் ஞாயிறை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முந்தின நாள் போனில், "நீங்கள் ஒண்டும் கொண்டு வர வேண்டாம். ரவை நான் எடுத்து வைக்கிறன்" என்றார். எங்கள் மதுரையில் ரவை என்றால் உப்புமா. அடடா, என்ன உபசரிப்பு என்று வெறும் வயிற்றோடு போய் நின்றேன். மனுஷன் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். திறந்தால் ஐம்பது தோட்டா. விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதிப் பாண் ரொட்டியை எனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் தோட்டாவுக்குப் பெயர் உப்புமா.

அந்தப் பெட்டியில் இருந்தவை முனை தட்டையான ஈயத் தோட்டாக்கள். ஏன் இது என்று கேட்டேன். "இது கடுதாசியில வட்டமாய்த் துளை போடும். புள்ளி எண்ணேக்க சண்டை வராது" என்றார். அடுத்த வாரமே நான் வேறு வகை கேட்டபோது தரவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஒரே ரவையாச் சுடுங்கோ. அப்பதான் பிழை ரவையிலயோ கையிலயோ எண்டு தெரியும்." பிழை என் கையில்தான் இருந்தது. மனசிலும் இருந்தது, அது அப்போது அவருக்குத் தெரியாது.

நான் விளையாட்டுக்காகப் போகவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சில மாதம் முன்பு கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுப் பின்கதவை உடைத்துக்கொண்டு பட்டப்பகலில் இரண்டு பேர் நுழைந்தார்கள். என் மனைவி கல்பனா குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு அடி எதுவும் இல்லை, ஆனால் அதன்பின் வீட்டில் தனியாக இருக்கவே பயந்தாள். இந்த நாட்டில் தற்காப்புக்கு என்று சொன்னால் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்காது. அதனால் விளையாட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒழுங்கான பிள்ளை மாதிரி ஞாயிறுதோறும் போய் வந்தேன்.

சொந்தத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தது. கழகத்தின் ஆதரவுக் கடிதத்தில் குணம் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்துவிட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "அண்ணே, முனை குழிவா ஒரு தோட்டா இருக்காமே. உடம்புல பட்டா விரிஞ்சு ஆளை நிறுத்திடுமாம். பிராக்டீசுக்கு இது, வீட்டுக்கு அதுன்னு நெட்ல போட்டிருக்கான்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "வீட்டுக்கோ? வீட்டில ஆரைச் சுடப்போறியள்?"

எல்லாவற்றையும் கொட்டினேன். தலை குனிந்து கேட்டார். பிறகு, "எங்கட வீட்டிலயும் பாதுகாப்புக்கெண்டு ஒண்டு இருந்தது. ஐயா தலகணிக்குக் கீழ வச்சிருந்தவர். கள்ளன் வரேல்லை. தம்பிதான் எடுத்தவன். ஏழு வயசு" என்றார்.

ஆனாலும் நான் விடவில்லை. "அப்புறம் ஏன்ணே நீங்க இதைத் தொடுறீங்க?"

"சத்தம் கேட்டாலே நடுங்கினனான். அந்தப் பயம் போகட்டும் எண்டுதான் இஞ்ச வந்தனான். கடுதாசியில துளை விழுந்தா ஒருத்தரும் அழமாட்டினம்." கடிதத்தை அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "உங்கட பயம் எனக்கு விளங்குது. ஆனா இதுக்கு என்னால ஏலாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெண்டாட்டியைக் காப்பாற்ற வக்கில்லாதவன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது. கழகத்துக்குப் போவதை நிறுத்தினேன். அவர் போன் செய்தாலும் நான் எடுக்கவில்லை. அந்த வாரமே அவர் துளைபோடும் மெஷினோடு வீட்டுக்கு வந்து, பின்கதவுக்கு இரும்புச் சட்டமும் இரட்டைப் பூட்டும் போட்டுவிட்டுப் போனார் என்று கல்பனா சொன்னாள். நான் நன்றி சொல்லவில்லை. பத்து மாதம் பேசவே இல்லை. இனி எங்கே பேசுவது?

இறுதிச் சடங்குக்குக் கிளம்பும்போது கல்பனா காரில் ஏறாமல் வாசலிலேயே நின்று அழுதாள். நான் எரிச்சலோடு, "நீ ரெண்டு தடவை பார்த்த மனுஷன்" என்றேன்.

"ரெண்டு தடவையா? நீங்க ஆபீஸ் போனப்புறம் பின்னாடி சத்தம் கேட்டா அவருக்குத்தான் போன் பண்ணுவேன். பத்து நிமிஷத்துல வந்துடுவார். வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, 'பூனைதான் பிள்ளை, பயப்பிடாதேங்கோ'ன்னு சொல்லிட்டுப் போவார். ஒரு டீ குடிச்சதில்லை."

"பகல்லயா? நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குற நேரமாச்சே!"

"தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார். 'அவர் கோவத்தில இருக்கிறார், அது ஆறட்டும்'னார்."

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் இழந்த தூக்கத்தில் எத்தனை மணி நேரம் எங்களால் போனது என்ற நினைப்பிலேயே நின்றேன். பெட்டிக்குள் அவர் கண்கள் மூடியிருந்தன. தூங்கட்டும், இனியாவது யாரும் எழுப்பாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன், சத்தம் வராமல்.

எனக்குத் துப்பாக்கி வேண்டாம். பயத்தையும் கோபத்தையும் சுமந்து களைத்துப் போனேன். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவருடைய எண் கல்பனாவின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. பத்து மாதமாக அதைக் கடந்துதான் பால் எடுத்திருக்கிறேன், யாருடையது என்று கேட்டதில்லை. கிழித்துப்போட மனம் வராமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்த அந்தக் கடிதத்தை நேற்று எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டினேன். கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. என் வீட்டுக்கு அவர் போட்ட பெரிய பூட்டு அதுதான்.