காற்றுப் புகாமல் மூடிய வள்ளம்

எங்கள் அப்பா வேம்பாரை அடுத்த பனங்காட்டு ஊரொன்றில் பிறந்தார்கள். இளமையிலேயே தகப்பனை இழந்து, ஓலையில் பொதிந்து கட்டிய கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில் சுமந்து விற்று, பிறகு கீழவைப்பாரில் சிறிய மளிகைக் கடை வைத்தார்கள். ஈரக்காற்றுப் பட்டால் கருப்பட்டி கசிந்துவிடும். ஆகவே எதையும் காற்றுப் புகாமல் மூடுவது அப்பாவின் கைப்பழக்கம். எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூட இரண்டு மூடி உண்டு.

கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் அந்தோணி மாமா அப்பாவின் நெருங்கிய நண்பர். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, தம் மரவள்ளத்தைக் கடைக்குப் பின்னால் எங்கள் பனைவிளையில் ஏற்றிவைத்தார்.

"நா வாரது வரைக்கும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. திரும்பி வந்தா எனக்கு இதுதான் சோறு" என்றார்.

"ஏலே, அதுமேல ஒரு சொட்டு விழ விடமாட்டேன். போயிட்டு வா" என்று அப்பா வாக்குக் கொடுத்தார்கள்.

காய்ந்த மட்டையும் பனம்பழமும் விழுந்து பலகை உடையாமலிருக்க, மேலே பழைய டயர்களை அடுக்கினார்கள். அதன்மேல் தார்ப்பாய் போர்த்தி, கருப்பட்டிச் சிப்பம் போல இறுக்கிக் கட்டினார்கள். "எனக்கு ஒருநா போர்வ எடுத்துப் போத்துனதில்ல, வள்ளத்துக்கு என்னா கவனிப்பு!" என்று அம்மா கேலி செய்வார்கள். ஊரே மூழ்கிய மழையில், கடைக்குள் கருப்பட்டி கரைந்துகொண்டிருக்க, அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைப் பனையோடு கட்டினார்கள். வெள்ளத்தில் வந்த முள்ளும் தடியும் அதில் மோதாதபடி கையாலேயே தள்ளினார்கள். எனக்கு அப்பா மேல் கோபமும் உண்டு. கடலோரத்தில் இத்தனை காலம் இருந்தும், வள்ளத்தை எப்படி மூடுவது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து மாமா வெறுங்கையோடு திரும்பினார். வள்ளத்தைத்தான் நம்பி வந்திருந்தார். அப்பா பெருமையோடு தார்ப்பாயை அவிழ்த்தார்கள். புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. மாமா அடிப்பலகையைத் தொட்டார்; விரல் உள்ளே இறங்கியது.

"மூடுனது சரிதான் அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் காத்து போக விட்டுருக்கணும்" என்றார் மெதுவாக.

"அப்போ நனஞ்சிருந்தாக்கூட பொழச்சிருக்குமாலே?" என்று அப்பா கேட்டார்கள். படகு கட்டும் ஆசாரி வந்து பார்த்து, இனி தேறாது என்று கைவிரித்துவிட்டார்.

அதன்பின் அப்பா கடையில் உட்காரவேயில்லை. படுத்த படுக்கையானார்கள். மழை தூறினால் மட்டும், "வள்ளத்த மூடியாச்சா?" என்பார்கள். அதற்காகவே மாமா அந்த உளுத்த மரத்தை மறுபடியும் மூடிவைத்தார். எங்களால் அப்பாவைத் தேற்ற முடியவில்லை. அப்பா மறைந்து ஓராண்டாகியும் அந்த ஆற்றாமை கொஞ்சமும் குறையவில்லை.

அப்பாவின் மறைவின்போது உடனிருந்த உறவினர்களுக்கும், மில்லர்புரத்திலிருந்து வந்து தங்கி எல்லோருக்கும் சமைத்துப் போட்ட சித்திக்கும், கடைத்தெரு வியாபாரிகளுக்கும் எங்கள் நன்றி. இப்போது துறைமுகத்தில் சுமை தூக்கும் அந்தோணி மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கன்று பெய்த மழையில் பந்தல் ஒழுகி அப்பாவின் மேல் சொட்டியது. மாமா பின்பக்கம் போய், வள்ளத்தின் தார்ப்பாயை அவிழ்த்து வந்து பந்தலின்மேல் விரித்தார்.

"அண்ணாச்சி மேல ஒரு சொட்டு விழக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு வள்ளத்தை யாரும் மூடவில்லை.