மாலைக்கு அடியில் ஒரு பெல்ட்

வில்லாபுரம் பக்கம் கல்யாணத்துக்குப் பழைய கார் வேண்டுமென்று கேட்டால் முத்துச்செல்வியின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். அவளிடம் இருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்பாசடர். கருநீல நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் பம்பர், முன்னால் மூன்று பேர் சேர்ந்து உட்காரும் ஒரே நீள சீட். வண்டிக்குச் சொந்தக்காரியும் அவள்தான், டிரைவரும் அவள்தான்.

அவளுடைய அப்பா மலைச்சாமி மேலூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிவேலை பார்த்தவர். அந்த வீட்டில் சைக்கிளே தாமதமாகத்தான் வந்தது. கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிதில், மகளிர் குழுவில் இலவசமாகக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு முத்துச்செல்வி போய்ச் சேர்ந்தாள். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் லைசென்ஸ் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பிறகு டாக்சி. ஒருநாள் தல்லாகுளத்தில் சவாரியை இறக்கிவிடப் போன வீட்டில்தான், தூசி மூடிக் கிடந்த அந்த அம்பாசடரைப் பார்த்தாள்.

அவள் கணவன் பாண்டிராஜ் ஜன்னல் கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். விலை பேசப் போனபோது வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தான்.

“இரும்பு நல்ல இரும்புதான் செல்வி. ஆனா இத வச்சு என்ன செய்யப் போற?”

“கல்யாணத்துக்கு விடுவேன். எல்லாரும் அதே வெள்ளக் காருலயா வரணும்?”

அவள் கணக்குத் தப்பவில்லை. இரண்டே வருடத்தில் முகூர்த்த நாட்களில் வண்டி வீட்டில் நிற்பதே அபூர்வமாகிவிட்டது. வண்டியில் ஒரு திருகாணிகூட மாற்றாமல் பழைய மாதிரியே வைத்திருக்கிறோம் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. டாக்சியில் அலுக்காமல் பெல்ட் போட்டவள்தான். ஆனால் இந்த வண்டியில் பெல்ட் என்ற ஒன்று செய்யும்போதே கிடையாது. அவளும் அதை யோசித்ததில்லை.

போன ஆவணியில் வித்யாஸ்ரீ என்ற பெண் வண்டியைப் பார்க்க வந்தாள். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். கல்யாணம் அவளுக்குத்தான். அப்பா ஹரிராமும் கூட வந்திருந்தார். இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். வண்டி பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. பிறகு வித்யாஸ்ரீ கதவைத் திறந்து சீட்டின் இடுக்கில் கைவிட்டுத் தேடினாள்.

“அக்கா, பெல்ட் எங்க இருக்கு?”

“இதுக்கு பெல்ட் கிடையாதும்மா. அந்தக் காலத்து வண்டி. போலீசும் ஒண்ணும் கேட்டதில்ல.”

“போலீசுக்காகக் கேக்கலக்கா. பெல்ட் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன். அதான் கேட்டேன்.”

முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது. “என் வண்டில ஏறுன யாருக்கும் இதுவரைக்கும் ஒரு கீறல் பட்டதில்ல. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.”

“நீங்க மெதுவா ஓட்டுவீங்கக்கா. எதிர்ல வாரவன் மெதுவா வரணுமே. எங்க வார்டுக்கு வாரவங்க நெறையப் பேரு மெதுவாப் போனவங்கதான்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தினம் பார்ப்பதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஹரிராம் சங்கடத்தோடு சிரித்தார். வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று முத்துச்செல்வி அனுப்பிவைத்துவிட்டாள். அன்று முழுக்கப் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

அடுத்த வாரம் மகள் பவதாரிணிக்குக் காலேஜ் பஸ் போய்விட்டது. காலேஜ் ஒத்தக்கடையில். டாக்சியை சர்வீசுக்கு விட்டிருந்ததால் அம்பாசடரிலேயே கொண்டுபோய் விடக் கிளம்பினாள். ரிங்ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தாள். மிதித்த அதே நொடியில் அவளுடைய இடது கை தானாக ஸ்டியரிங்கை விட்டு, பக்கத்திலிருந்த மகளின் நெஞ்சுக்குக் குறுக்கே நீண்டது.

நாய் தப்பித்து ஓடியது. பவதாரிணி போனிலிருந்து தலையைத் தூக்கி, “நீ எப்பவும் இப்படித்தாம்மா கைய நீட்டுவ. ஒரு தடவ என் கண்ணாடியே ஒடஞ்சுது” என்றாள்.

முத்துச்செல்வி கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினாள். மகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது அந்தக் கையைப் பற்றியே யோசித்தாள். இம்புட்டு வருஷமாக நீட்டியிருக்கிறாள், நீட்டுகிறோம் என்பதே தெரியாமல். உண்மையாக மோதினால் அந்தக் கை எதையும் தாங்காது. பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கோ அந்தக் கைகூட எட்டாது. வண்டியை ஓரங்கட்டி வித்யாஸ்ரீக்குப் போன் போட்டாள்.

“வேற வண்டி பாத்துட்டியாம்மா?”

“இல்லக்கா.”

“அப்ப பாக்காத. பெல்ட் மாட்டிட்டுக் கூப்பிடுறேன்.”

பாண்டிராஜ் தானே வெல்டிங் வைத்துத் தருவதாக முதலில் சொன்னான். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான். “இது ஜன்னல் கிரில் இல்ல செல்வி. நான் வச்ச வெல்டு விட்டுப்போச்சுன்னா அப்புறம் நான் தூங்க முடியாது. காசிமாயன் அண்ணன்கிட்டப் போவோம்.”

அவனியாபுரம் ரோட்டில் காசிமாயனின் பட்டறை. பழைய கார்களுக்குத் தகர வேலை செய்வதில் பேர் வாங்கியவர். முத்துச்செல்வி இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட் போதும் என்று நினைத்துப் போயிருந்தாள். அதென்றால் தரையில் மட்டும் ஓட்டை போட்டால் போதும், வெளியேயும் தெரியாது.

“இடுப்பு பெல்ட் ஆளக் கீழ புடிச்சுக்கும் தங்கச்சி. தல முன்னாடி போயி டாஷ்போர்டுல இடிக்கத்தான செய்யும்? தோளுக்கும் சேத்துப் போட்டாத்தான் அது பெல்ட்டு” என்றார் காசிமாயன்.

“அப்ப ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்குற தூண்லயும் ஓட்ட போடணுமாண்ணே?”

“போடணும். தூணு உள்ள வெறும் தகரம். அதுல போல்ட்ட முறுக்குனா பிச்சுக்கிட்டு வந்துரும். உள்ள தடிப் பிளேட்டு வச்சு வெல்டு பண்ணி, அதுலதான் போல்ட்டு ஏறும். பின்னாடி சீட்டுக்கும் அப்படித்தான். தோளுக்கு மேலருந்து வரணும். கீழ வச்சு இழுத்தோம்னா, முட்டுறப்ப தோள அமுக்கி முதுக ஒடச்சுரும்.”

டிரில் தூணைத் தொட்டபோது முத்துச்செல்வி வெளியே போய் டீக்கடையில் நின்றுகொண்டாள். கருநீல பெயின்ட் சுருள்சுருளாக உதிர்ந்தது. பாண்டிராஜ்தான் பக்கத்தில் நின்று பார்த்தான்.

முதலில் மாட்டியது, அளவைக் கையால் இறுக்கிவைக்கும் பழைய மாதிரி பெல்ட். வண்டியின் அழகுக்கு அதுதான் பொருத்தமென்று அவளே தேர்ந்தெடுத்தாள். ஓட்டிப் பார்த்தால் வைப்பர் சுவிட்சுக்குக் கை எட்டவில்லை. எட்டும்படி தளர்த்தினால் பெல்ட் மடியில் தொங்கியது. மறுநாளே திரும்பிப் போனாள். காசிமாயன் சிரித்துக்கொண்டே ரீல் வைத்த பெல்ட்டை எடுத்து வந்தார். இழுத்தால் வரும், விட்டால் சுருளும், வண்டி குலுங்கி நின்றால் பிடித்துக்கொள்ளும். கருநீலத்துக்குப் பக்கத்தில் உறுத்தாமலிருக்கச் சாம்பல் நிறம். ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது சரிண்ணே” என்றாள்.

கல்யாணம் ஒத்தக்கடை மண்டபத்தில். மதியம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வில்லாபுரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். மாப்பிள்ளை கிரிதரன் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

“அக்கா, மாலை நசுங்கிரும். போட்டோல பாக்க நல்லாவா இருக்கும்?”

போட்டோக்காரரும் ஆமாம் போட்டார். வித்யாஸ்ரீ தன் மாலையைத் தூக்கிப் பிடித்து, பெல்ட்டை அதற்கு அடியில் செலுத்தி மாட்டி, மாலையை மேலே இறக்கிவிட்டாள். பெல்ட் இருப்பதே தெரியவில்லை. அப்புறம் திரும்பி, கிரிதரனின் மாலையையும் தூக்கினாள். அவன் கையைத் தூக்கிக் கொடுத்தான். முன்சீட்டில் அவனுடைய அத்தை சீதாலட்சுமி, மடியில் லட்டுத் தட்டோடு ஏறினாள். “எனக்கும் மாட்டிவிடுத்தா” என்று முத்துச்செல்வியிடம் தோளைக் காட்டினாள்.

மாட்டுத்தாவணி தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நட்டநடு ரோட்டில் நின்றது. முத்துச்செல்வி பலம் கொண்டமட்டும் மிதித்தாள். பழைய பிரேக் கிறீச்சிட்டு, வண்டி ஆட்டோவின் பின்பக்கத்தை மூக்கால் தொடாத குறையாக நின்றது. லட்டுத் தட்டு பறந்து முன்கண்ணாடியில் மோதி உருண்டது. ஆட்கள் நால்வரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

முத்துச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லையே?”

“தோள்ல லேசாக் காந்துதுக்கா. அம்புட்டுத்தான்” என்றான் கிரிதரன். பிறகு மனைவியைப் பார்த்துத் தணிந்த குரலில், “மண்டபத்த விட்டு வந்ததும் கழட்டிரலாம்னு இருந்தேன்” என்றான்.

“தெரியும். அதான் பாத்துக்கிட்டே வந்தேன்” என்றாள் வித்யாஸ்ரீ.

சீதாலட்சுமி காலடியில் குனிந்து எட்டிய லட்டுகளைப் பொறுக்கினாள். “புது வீட்டுக்குப் போறப்ப இனிப்பு செதறுறது நல்லதுதான்” என்று தானே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மார்கழியில் தல்லாகுளத்தில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடந்தது. வண்டியில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். “சரிங்கய்யா, குறைங்க” என்றாள் முத்துச்செல்வி. அன்றே இரண்டு ஃபியட்காரர்களும் ஒரு ஜீப்காரரும் அவளிடம் காசிமாயனின் விலாசம் கேட்டு வாங்கிப் போனார்கள். இப்போது வண்டிக்குப் பேச வருகிறவர்களிடம் மாலைக்கு அடியில் பெல்ட் போட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். ஒருவர்தான் வேண்டாமென்று போயிருக்கிறார்.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு அழகர்கோயில் பக்கம் போய்வருவது வழக்கம். பவதாரிணி முன்னால் பாட்டு வைப்பாள். பின்சீட்டில் பாண்டிராஜ், பெல்ட்டில் தோளைச் சாய்த்துக்கொண்டு, ஊமச்சிகுளம் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவான். முத்துச்செல்வி பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பச்சை ஏறிய வயல்களுக்கு நடுவே நிதானமாக ஓட்டிப் போவாள்.