கலுங்கில் அடுக்கிய மூட்டைகள்

இன்பமேரி பிறந்தது சாத்தனேந்தலில், வாழ்க்கைப்பட்டது மருதவயலில். இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஓடைதான். மருதவயல் கண்மாய் பெருகினால், கலுங்கு என்கிற கல் தடுப்பைத் தாண்டி மிச்சத் தண்ணீர் அந்த ஓடையில் இறங்கிச் சாத்தனேந்தல் கண்மாய்க்குப் போகும். கீழ்க்கண்மாய்க்கு வேறு வரத்து கிடையாது. மேலே வழிந்தால்தான் கீழே விளையும்.

மழை அறவே பொய்த்த வருடங்களில் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பஸ்ஸில் தொற்றிக்கொண்டு காரைக்குடிக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். வெளுத்து வாங்கிய வருடங்களில் மேல்கண்மாய் தானாக வழியும். யாருக்கும் யாரோடும் தகராறில்லை. பாதிக்குப் பெய்கிற வருடங்கள்தாம் ஆகாதவை. இருக்கிற தண்ணீரைத் தேக்கிக்கொள்ள மருதவயல்காரர்கள் கலுங்கின்மேல் மண் மூட்டைகளை அடுக்குவார்கள். அதைத் தள்ளிவிடச் சாத்தனேந்தல்காரர்கள் கடப்பாரையோடு வருவார்கள்.

அப்படி ஒரு வருடத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை, கலுங்கில் கைகலப்பு என்று சத்தம் கேட்டது. புருஷன் அந்தோணி பிரபுவின் அண்ணன் சவரியப்பனைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். மண்வெட்டி அடி. வண்டி வரும்வரை தலையைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற புதுப்பெண்ணை உட்காரச் சொன்னார்கள். அவள் மடியில் அந்தத் தலை நேரம் ஆக ஆகக் கனத்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

வழக்கு வருடக்கணக்காக இழுத்தது. அடித்தது இன்னார் என்று நிரூபிக்க ஆளில்லை. அன்றைக்கு வந்த கூட்டத்தில் அவளுடைய அண்ணன் வியாகுலமும் இருந்தான். அவன் கை பட்டதா என்று இன்பமேரி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்கிற பயம்.

பிரபு அவளைப் பிறந்த வீட்டுக்குப் போகாதே என்று சொன்னதில்லை. ஆனால் வியாகுலம் வந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவான். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அவள் கரையேறி நின்று தண்ணீரைப் பார்ப்பாள். முழுக்க வற்றிக் கிடந்தால் ஒரு கவலை, சோற்றுக் கவலை மட்டும். கலுங்குக் கல்லுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றால் அன்றிரவு தூக்கம் வராது.

போன வருடம் அந்த ஒரு சாணில்தான் நின்றது. கார்த்திகையில் பெய்த மழை அதைக் கல்லின் தலைவரை ஏற்றிவிட்டு நின்றுபோனது. மறுநாளே கண்மாய்ச் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். உரச் சாக்குகளில் மண்ணை அள்ளிக் கட்டி இடுப்பளவுக்கு அடுக்கினார்கள். பிரபுவும் மூட்டை சுமந்தான்.

"நீங்க எதுக்குப் போனீக?" என்றாள் இன்பமேரி.

"ஊரோட போகாம? எங்கண்ணன் உசுரக் கொடுத்த கலுங்கு அது."

அவன் கழற்றிப் போட்ட சேற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனாள்.

அடுத்த மழையில் கண்மாய் மூட்டைகளின் பாதி உயரத்துக்கு ஏறியது. ஓடையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சாத்தனேந்தலிலிருந்து மதினி ஷீலா போனில் கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது.

"மேரி, பொழுது சாயறதுக்குள்ள எங்க ஊரு ஆளுக வாராக. இங்க நட்ட பயிரு பூராம் நுனி கருகிப் போச்சு. உங்கண்ணன் கடப்பாரைய எடுத்து வாசல்ல சாத்தி வச்சிருக்காக. பிரபு அண்ணன வீட்டவிட்டு அனுப்பாத."

"நீங்க எங்கண்ணன நிறுத்துங்க மதினி."

"நான் சொன்னாக் கேக்குற ஆளா?"

இன்பமேரி கோயிலுக்குப் போகவில்லை. பானையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பூட்டி வைக்க முடியாது. அண்ணன் காலில் விழலாம், அவன் ஒருத்தன் நின்றாலும் மற்றவர்கள் வருவார்கள். எப்படி யோசித்தாலும் கட்டிலில் ஒருத்தர் வருவதாகவே அவளுக்குத் தெரிந்தது. முகம் மட்டும் மாறி மாறி வந்தது.

மதியம் போலீஸ் ஜீப்பும் தாலுகா அதிகாரியும் ஊர் கூடும் மந்தைத் திடலுக்கு வந்தார்கள். பேச்சுவார்த்தை என்றதும், மூட்டைகளுக்குக் காவல் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அங்கே போனார்கள். கலுங்கில் பெத்தன் மட்டும் இருந்தார், கால் நொண்டுகிறவர். இன்பமேரி கூரையில் செருகியிருந்த, கதிரறுக்கும் கருக்கரிவாளை உருவிக்கொண்டு கொல்லை வழியாக இறங்கினாள்.

"எங்கிட்டு ஆத்தா போற?" என்றார் பெத்தன்.

அவள் கல்லில் கால் வைத்து ஓடைப் பக்கம் இறங்கினாள். முதல் மூட்டையில் அரிவாளை வைத்து இழுத்தாள். சாக்கு கிழிந்து மண் சரிந்தது.

"அடியே, வேணாம். ஊரு என்னைய வெட்டிப் போடும்."

"நீங்க பாக்கலைன்னு சொல்லிருங்க மாமா."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." பெத்தன் கம்பை ஊன்றிக்கொண்டு மந்தைப் பக்கம் வேகமாக நடந்தார்.

இனி ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் அவள் இன்னும் வேகமாகக் கிழித்தாள். மண் கரைந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தது. மேல்மூட்டை சாய்ந்தது, அதன்பின் பக்கத்து மூட்டை. சற்று நேரத்தில் அவள் கிழிக்காத மூட்டைகளையும் தண்ணீரே உருட்டிக்கொண்டு போனது. ஓடை இரைந்தது. கணுக்காலில் இருந்த இழுப்பு முழங்காலுக்கு ஏறியதும் அவளால் காலைப் பெயர்க்க முடியவில்லை. எட்டிப் பிடிக்க ஒரு செடிகூட இல்லை.

கரையில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. முதலில் இறங்கியவன் பிரபு. அவன் முகத்தைப் பார்த்ததும் அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவனோ அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கல்லுக்கு மேலே கொண்டுவந்து போட்டான்.

அதே நேரத்தில் ஓடையின் எதிர்க்கரையில் சாத்தனேந்தல் ஆட்கள் வந்து நின்றார்கள். கடப்பாரையோடு முன்னால் வியாகுலம். தண்ணீர் போவதைப் பார்த்தான். ஈரச்சேலையோடு கல்லில் கிடந்த தங்கச்சியைப் பார்த்தான். அவன் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். இந்தப் பக்கம் கம்பும் மண்வெட்டியுமாக மருதவயல். நடுவே தண்ணீர் இரைச்சல். யாராவது ஒருவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்பமேரி கண்ணை மூடிக்கொண்டாள். ஜீப் வந்த சத்தம் கேட்டுத்தான் திறந்தாள். எதிர்க்கரையில் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மந்தையில் ஊர் கூடியது. "பொறந்த ஊருக்காக வாக்கப்பட்ட ஊரு வயித்துல அடிச்சுட்டியே," என்றார் கோட்டைச்சாமி.

இன்பமேரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அன்னைக்கு மூத்தவுக தலைய என் மடியிலதான வச்சீக மாமா. இன்னொரு தலைய வாங்கிக்க எனக்குத் தெம்பு இல்ல. அம்புட்டுத்தான்."

கூட்டத்தில் சில பேர் தரையைப் பார்த்தார்கள். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அந்த வருடம் பிரபுவின் வயலுக்கு மடைத்தண்ணீர் கிடையாது. பால்பிடிக்கும் சமயத்தில் கதிர்கள் பதராயின. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ மாட்டுக் கொட்டகைக் கூரையைக் கொளுத்தப் பார்த்திருந்தார்கள். ஈரம் என்பதால் கரிந்ததோடு நின்றது. அதன்பிறகு கதவில் காற்று மோதினாலும் எழுந்து உட்கார்ந்தாள். பிரபு பக்கத்தில் விழித்தபடிதான் கிடப்பான்.

அறுவடை முடிந்து வியாகுலம் ஒரு மூட்டை நெல்லோடு வந்தான்.

"கொண்டுபோங்கண்ணே. இத வாங்கினா வெலைக்குப் போனேன்னு சொல்லுவாக."

அவன் மூட்டையை இறக்காமல் நின்றான். அவள் கேட்காததற்குத் தானாகவே பதில் சொன்னான். "அன்னைக்கு என் கையிலயும் மண்வெட்டி இருந்துச்சு மேரி. நானும் வீசுனேன். அவரு விழுந்தது என் அடியிலயா, இன்னொருத்தன் அடியிலயான்னு அங்க நின்ன ஒருத்தனுக்கும் தெரியாது."

இத்தனை வருடம் எதற்குப் பயந்தாளோ அது வாசலில் வந்து நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். நிலைப்படியில் பிரபு நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருந்தது அவன் கண்ணில் தெரிந்தது. கை நிலையைப் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன.

"நெல்ல எடுத்துட்டுப் போங்க மச்சான்," என்றான் கடைசியில். "ஊரு பாக்குது."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் வியாகுலத்திடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அன்று முழுக்கப் பிரபு எங்கே போனான் என்று தெரியவில்லை. இருட்டுவதற்குள் வந்துவிட்டான். அவளும் கேட்கவில்லை.

இந்த வருடம் மழைக்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் இரண்டு ஊரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். மூட்டை அடுக்கக்கூடாது. மழைக்காலம் முடியும்வரை ஊருக்கு ஒருத்தர் கலுங்கில் காவல் இருக்க வேண்டும். சாத்தனேந்தல் வியாகுலத்தைச் சொன்னது. அவனுக்கு எதிரே உட்கார மருதவயலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டைச்சாமி இரண்டு முறை கேட்டார். "நான் இருக்கேன்," என்று பிரபு எழுந்தான்.

காவலின் முதல் நாள் இன்பமேரிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கரையில் ஒரு வேம்படியில் போய் நின்றாள். கலுங்குக் கல்லின் இந்த முனையில் பிரபு, அந்த முனையில் வியாகுலம். வியாகுலம் ஏதோ சொன்னான். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை. பிரபு எழுந்து வியாகுலத்தை நோக்கி நடந்தபோது அவள் வேப்பமரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் பாதிவழியில் குனிந்து, கல்லில் சிக்கியிருந்த கருவேல முள்கொப்பை இழுத்தான். அது வரவில்லை. வியாகுலமும் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

இரண்டு பேருமாக அதை ஓடையில் தள்ளிவிட்டு, மறுபடி அவரவர் முனைக்குப் போய் உட்கார்ந்தார்கள். இன்பமேரி சாயங்காலம்வரை அங்கேயே நின்றாள்.