மூன்றாம் மாடியில் ஒரு ட்ரம்பெட்

பல் செட் செய்யும் கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்ததில் அவளுக்குப் பல்லக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் பல் வரிசை அடுக்கி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுப்பவள். அந்தப் பல்லக்கா தன் நாற்பத்தைந்தாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பத்திரப் பதிவு அலுவலகத்தில் கால் கடுக்க நின்று ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரி ஆனாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டதில், கடைசிப் பக்கம் வந்தபோது அவள் பெயரே அவளுக்கு யாருடையதோ மாதிரி தெரிந்தது. விரலில் ஒட்டிய மையை அன்று முழுக்க சோப்புப் போட்டுக் கழுவவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் குடியிருப்பதே வாடகை வீட்டில்தான். வாங்கியதோ ஊரின் மறுகோடியில், மூன்றாம் மாடியில், ஒரே ஒரு படுக்கையறை. அவள், கணவர், இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் அதில் காலை நீட்டிப் படுக்க முடியாது.

பால் வண்டி ஓட்டும் கணவர் பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "நாமளே ஒருத்தர் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கோம். நமக்கு எதுக்கு ஹவுஸ் ஓனர் வேஷம்?"

"வேஷம் இல்லைங்க. வர்ற வாடகை லோனைக் கட்டிக்கும். பிள்ளைங்க தலையெடுக்கிறப்போ நமக்குன்னு ஒரு சுவர் இருக்கும். பதினாலு வீடு பாத்து, செருப்பு தேஞ்சு வாங்கினது. வாழ்த்துறதுன்னா வாழ்த்துங்க, இல்லைன்னா பெயிண்ட் அடிக்க வாங்க."

அவர் பெயிண்ட் அடிக்க வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் சுவரைச் சுரண்டினார்கள். பல்லக்காவுக்குக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்தாள், ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டாள். சமையல் மேடையின் விரிசலை, பல் இடுக்கை அடைக்கிற அதே கவனத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு பூசி முடித்தாள். ஜன்னல் வழியாகப் பேருந்து நிறுத்தமும் ஒரு மரத்தின் தலையும் தெரிந்தன. "என்னங்க, இங்க வந்து பாருங்க, நம்ம மரம்!" என்று கத்தினாள். மரம் தெருவுடையது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கவிட்ட அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் துடைத்து வைத்த தரையில் சேற்றுக் காலோடு நடந்து, எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று போனார். அடுத்து ஒரு புதுத் தம்பதி. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று ஆரம்பித்த பேச்சு யாருடைய அம்மா என்ன சொன்னாள் என்பதுவரை போய், இருவரும் தனித்தனியாகப் படியிறங்கினார்கள்.

மூன்றாவதாக வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கையில் கறுப்புப் பெட்டி. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேங்க. நான் ஒண்டிக்கட்டை. பேண்டு குழுவுல ட்ரம்பெட் வாசிக்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணியே ஆகணும், இல்லைன்னா உதடு கெட்டுப்போயிடும். இதைச் சொன்னதும் ஏழு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. நீங்களும் சாத்துறதுன்னா இப்பவே சாத்திடுங்க, மனசுல ஆசை வர்றதுக்கு முன்னாடி."

பல்லக்காவுக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பிடித்துப்போனால் மட்டும் போதுமா? கீழ் வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மாடியில் ஸ்பூன் விழுந்தால்கூட மேலே வந்து விசாரிக்கிற ரகம்.

"இங்கேயே இருங்க," என்றவள், இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னாள்.

"ட்ரம்பெட்டா?" வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, உலகத்துல புல்லாங்குழல் வாசிக்கிற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"ஒரு பத்து நிமிஷம் உங்க வீட்டுல உக்காந்து கேக்கறேன் சார். சத்தம் தாங்கலைன்னு நீங்க சொன்னா, நானே அவரை அனுப்பிடறேன். நீங்கதான் நீதிபதி."

நீதிபதி என்ற சொல் வேலை செய்தது. வாத்தியார் நோட்டும் பேனாவுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பல்லக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "நான் சொல்ற ரூம்ல நின்னு வாசிங்க! முதல்ல ஹால்!" என்று மேலே குரல் கொடுத்தாள். மேலிருந்து வந்த முழக்கத்தில் வாத்தியார் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. வாத்தியார் நோட்டில் எழுதினார்: பூஜ்யம். "சமையல்கட்டு!" பத்துக்கு இரண்டு. "படுக்கையறை!" பத்துக்கு நாலு. பல்லக்கா மேலே ஓடினாள். படுக்கையறையை ஒட்டி, பெட்டி படுக்கை போட்டு வைக்க ஒரு சின்ன அறை இருந்தது, ஜன்னல் கிடையாது. அங்கே அவரை நிற்க வைத்து, முப்பது எண்ணிவிட்டு வாசிக்கச் சொல்லி, பெயிண்ட் தெறிக்காமல் தரையில் விரித்திருந்த பழைய மெத்தையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கக் கீழே ஓடிவந்தாள்.

"இப்ப கேளுங்க சார்!"

வெகு தூரத்தில் யாரோ ஊர்வலம் போவதுபோல மெல்லிசாக ஒரு இசை இறங்கி வந்தது. வாத்தியாரின் பேனா அப்படியே நின்றது. இசை முடிந்த பிறகுதான் எழுதினார்.

"எட்டு," என்றார். "சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும். அந்த மெத்தை அங்கேயே இருக்கணும். எழுதி வாங்கிக்கோ."

எழுதி வாங்கிக்கொண்டாள். வாடகை ஒப்பந்தத்தில் மெத்தைக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்ததைத் தட்டச்சு செய்தவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். சாவியைக் கொடுத்தபோது ட்ரம்பெட்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவளுக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அவர் குடிவந்த ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, கையெல்லாம் மாவோடு இருக்கும்போது போன் அடித்தது. வாத்தியார்.

"ஏம்மா, என் குளியலறையில மழை பெய்யுது. வெளியில வெயில் அடிக்குது."

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி. கணவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ? பேருந்தில் போகும்போதே கூடத்துக்குக் குழாய் வேலை செய்யும் பிளம்பரைப் போனில் பிடித்து வரச்சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது ட்ரம்பெட்காரர் வால்வை மூடிவிட்டு, கீழே வாத்தியார் வீட்டில் வாளி பிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் அவருக்கு எந்த இடத்தில் சொட்டுகிறது என்று ஸ்கேலால் காட்டிக்கொண்டிருந்தார்.

பிளம்பர் மேல் வீட்டுக் குளியலறையில் ஒரு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, "பைப் நல்லாத்தான் இருக்கு. தண்ணி போற வாய்ல இணைப்பு விட்டுப்போச்சு. வீடு பூட்டியே கிடந்ததுல காஞ்சு சுருங்கியிருக்கு," என்றார்.

பல்லக்கா குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது ஈறு விட்ட பல்லு மாதிரி இருக்கு! சுத்தி முழுக்க சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசா பூசணும். மேலோட்டமா பூசினா ஒரே மாசத்துல மறுபடி விட்டுடும். சரிதானே?"

பிளம்பர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தக் கம்பெனில வேலை பாக்கறீங்க?"

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. தண்ணீர் திறந்துவிட்டு நாலு பேரும் வாத்தியாரின் குளியலறையில் தலையை அண்ணாந்து நின்றார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அஞ்சு ஆச்சே, இன்னிக்கு வாசிப்பு கிடையாதா?" என்று ட்ரம்பெட்காரரை விரட்டினார்.

அதற்கப்புறம் பல்லக்கா மாதம் ஒருமுறை, முன்கூட்டியே போன் செய்துவிட்டு, வீட்டைப் பார்த்து வருவாள். குழாய் பார்ப்பாள், ஜன்னல் பார்ப்பாள், ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்பாள். ஒரு வருஷம் முடிந்ததும் ட்ரம்பெட்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கும்போது வாத்தியார் அவளை வழிமறித்தார்.

"முதல் மாடி வீடு என் தம்பியோடது. அவன் வெளியூர்ல இருக்கான். யார் யாரையோ நம்பி விட்டு, வீடு பாழாக் கிடக்கு. ஆள் பாத்து வச்சு, நீ பாத்துக்கறியாம்மா? சும்மா வேண்டாம், உனக்குன்னு மாசாமாசம் ஒரு தொகை தரேன்னு சொல்றான்."

பல்லக்கா சாவியை வாங்கிக்கொண்டு, படியில் நின்றபடியே கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, வேலை முடிஞ்சதும் வண்டியை நேரா இங்க விடுங்க."

"ஏன், என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல. இன்னொரு வீடு வந்திருக்கு."

"அடிப்பாவி, இன்னொண்ணு வாங்கிட்டியா?"

அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே முதல் மாடிக் கதவைத் திறந்தாள்.