மாதனூர் பஸ்ஸின் இரண்டாவது டிரிப்

1. எழுந்து நின்ற வகுப்பு

அப்ரண்டிஸ்ஷிப்புடன் சேர்ந்த பி.காம். படிப்பின் முதல் நாள், நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதும் இரண்டு பேர் உட்காரவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்களாம்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அதற்கு முன் குடியாத்தத்தில் புத்தகக் கடை வைத்திருந்தேன். பாதி ஊருக்குக் கணக்கு நோட்டு விற்றவன், தன் கடைக்கும் ஒன்றை எடுத்து எழுதியிருந்தால் ஷட்டரை இறக்க வேண்டி வந்திருக்காது. இறக்கிய பிறகு கணக்கு படிக்கப் போனேன்.

வாரத்தில் பாதி நாள் கல்லூரி, பாதி நாள் ஆடிட் ஆபீஸ். ஆபீஸ் சத்துவாச்சாரியில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில். கீழே யாராவது அலறினால், மேலே காத்திருக்கும் கிளையண்ட்டுகள் பயத்தோடு எங்கள் ரூமைப் பார்ப்பார்கள்.

என் சீனியர் கீர்த்தனாவுக்கு இருபத்து நான்கு வயது. முதல் நாள் என்னை "அங்கிள்" என்றார்.

"மேடம், அங்கிள்கிட்ட வேலை வாங்க முடியாது" என்றேன்.

அன்றிலிருந்து "சார்" ஆனேன். இரண்டு அங்கிள்கள் செய்ய வேண்டிய வேலையையும் செய்தேன்.

2. ஒரே வண்டி, ரெண்டு பில்

கடைசி செமஸ்டரில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் இன்டர்னல் ஆடிட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனியின் போக்குவரத்துச் செலவைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அந்த அறிக்கைதான் என் புராஜெக்ட்டும்.

கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பாஸ்கர், நான் பேனாவைத் திறக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிட்டார்.

"மாதனூர் பஸ்ஸு. ஒரே வண்டி, ஒரே டிரைவர். காலைல ரெண்டு டிரிப்னு கான்ட்ராக்டர் பில் போடுறான். கேட் ரிஜிஸ்டர்ல ஒரு என்ட்ரிதான் இருக்கு. ரெண்டாவது டிரிப் ஓடலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்."

"அப்ப அந்த டிரிப்ல வர்ற லேடீஸ் எப்படி வேலைக்கு வர்றாங்க சார்?"

"ஷேர் ஆட்டோல வர்றாங்களோ இன்னாவோ. பேஜார் பண்ணாதீங்க சார். அடுத்த வாரம் எம்.டி. மீட்டிங்."

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தினமும் ஒரு முறைதான் அந்த வண்டி நம்பர் இருந்தது. கீர்த்தனாவிடம் போனேன்.

"மேடம், பஸ்ல ஏறிப் பார்த்துட்டா என்ன?"

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏறுங்க. ஆனா கம்பெனில சொல்லாதீங்க. சொல்லிட்டுப் போனா அது டூர். சொல்லாம போனாத்தான் ஆடிட்."

3. பானெட் சீட்

மறுநாள் காலை, இரண்டாவது டிரிப் நேரத்துக்கு, மாதனூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்து ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். டிரைவர் என் ஆபீஸ் லெட்டரை இரண்டு முறை படித்துவிட்டு இன்ஜின் பானெட்டைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஆடிட் சூடான வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் உணர்ந்தேன்.

"இன்னா சார், புது ஆளா? எந்த செக்‌ஷன்?" என்றார் முன் சீட்டில் இருந்த செல்வி. ஸ்டிச்சிங் லைனில் வேலை செய்பவர்.

"ஆடிட்."

"அது எங்க கீது? பேக்கிங் பக்கத்துலயா?"

"நான் அப்ரண்டிஸ்மா."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அக்கா, எங்க மாமனாருக்கும் ஒரு அப்ளிகேஷன் வாங்கிக் குடுக்கச் சொல்லு!"

சிரிப்பு அடங்கியதும் வந்த காரணத்தைச் சொன்னேன். செல்வியின் முகம் மாறியது.

"இந்த டிரிப்ப நிறுத்தப் போறாங்களா? நிறுத்துனா நான் வேலைக்கு வர முடியாது சார். கம்பெனி பஸ்ஸு, ஊருக்குள்ளயே ஏத்தி கம்பெனிகிட்டயே இறக்குதுன்னு சொல்லித்தான் வூட்ல அனுப்புறாங்க. எனக்கு மட்டும் இல்ல, இதுல பாதிப் பேருக்கு அப்படித்தான்."

ஹைவேயில் மேம்பால வேலை. கம்பெனிக்கு எதிரே பஸ் நின்றது. "முத டிரிப்புக்கு யூ-டர்ன் திறந்திருக்கும், உள்ளயே போய்டுவேன். அப்புறம் பேரிகேட் போட்டுடறாங்க. ரொம்பத் தூரம் போய்த் திரும்பணும், எல்லாருக்கும் லேட்டாய்டும்" என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கிச் சாலையைக் கடந்து, நடந்து வருபவர்களுக்கான சின்ன கேட் வழியாக உள்ளே போனோம். அங்கே யாரும் எதையும் எழுதவில்லை.

வெற்றி வீரனாக ஆபீஸுக்குப் போனேன். கீர்த்தனா காற்றைப் பிடுங்கிவிட்டார்.

"ஒரு நாள் ஓடுச்சு சார். மத்த நாள்?"

அப்போதுதான் இறங்கும்போது செல்வி முணுமுணுத்தது ஞாபகம் வந்தது: "வண்டி பிரேக்டவுன் ஆனா எங்களுக்குத்தான் லேட் மார்க்."

4. நாங்கதான் வந்தோம்

லேட் மார்க் பதிவாகும் பஞ்சிங் மெஷின் விவரத்தை வாங்கி, பஸ் பில்லோடு சேர்த்துப் பார்த்தேன். பில் இருக்கும் நாட்களில் அந்தக் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, ஒரே மூச்சில் பஞ்ச் வைத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் அப்படி வரவே முடியாது. இரண்டாவது டிரிப்புக்கு பில் போடாத சில நாட்களில் அத்தனை பேரும் சிதறிச் சிதறி வந்து, அத்தனை பேரும் லேட்.

கீர்த்தனா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு டீ சொன்னார். அந்த ஆபீஸில் அது பதவி உயர்வு.

மீட்டிங்கில் பாஸ்கர் என்னைப் பார்த்து, "இவர் அப்ரண்டிஸ் சார்" என்று எம்.டி.யிடம் அறிமுகப்படுத்தினார். அந்த ஒரு சொல்லிலேயே என் அறிக்கையைக் குப்பைக்கூடைக்குத் தள்ளப் பார்த்தார்.

"கேட் ரிஜிஸ்டர்ல ரெண்டாவது தடவ வண்டியே இல்லயேப்பா?" என்றார் எம்.டி.

"வண்டி கேட்டுக்குள்ள வரல சார். நாங்கதான் வந்தோம்."

"நாங்கன்னா?"

"நானும் உங்க ஸ்டிச்சிங் லைனும். வண்டிக்கு நம்பர் இருக்கு, எழுதிக்கறாங்க. நடந்து வர்றவங்களுக்கு நம்பர் இல்ல சார்."

பஞ்சிங் தாளை நீட்டினேன். எம்.டி. படித்தார். படித்துவிட்டு பாஸ்கரிடம் திரும்பினார். "டிரிப் இருக்கட்டும். சின்ன கேட்லயும் ஒரு ஆளப் போடுங்க. ரோடு கிராஸ் பண்ணிவிடவும் அவரே நிக்கட்டும்."

பாஸ்கர் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "பஸ்ஸுல ஏறுவீங்கன்னு நெனைக்கல சார்" என்றார். அவர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எனக்குப் பாராட்டு அரிதாகத்தான் வருகிறது.

5. நின்றுகொண்டு போனது

டிகிரி வந்தது. அதே ஆபீஸில் வேலையும் வந்தது. ஆம்பூரில் அடுத்த ஆடிட்டுக்குப் போக மாதனூர் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது, அந்தக் கம்பெனி பஸ் என் முன்னால் வந்து நின்றது.

"ஏறுங்க ஆடிட்டரே! பானெட்டு காலியாத்தான் கீது" என்றார் செல்வி.

"இன்னிக்கு ஏறக்கூடாதும்மா. அன்னிக்கு வேலைக்காக ஏறினேன். இன்னிக்கு ஏறினா ஓசி."

"யப்பா! பெரிய ஆளாய்ட்டாரு!" என்று பின்சீட்டுக் குரல் கேட்டது. ஜன்னல் ஜன்னலாகச் சிரித்துக்கொண்டு பஸ் போனது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: ஒன்று நடக்கவில்லை என்று எழுதும் முன், அது நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். சேர்ந்து வரும் ஜனங்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அடுத்து வந்த டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆம்பூர் வரை ஒற்றைக் காலில், ஒருவருடைய முருங்கைக்காய்க் கட்டு முதுகில் குத்த, நின்றுகொண்டு போனேன். அவ்வளவு கம்பீரமாக நான் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.