ஒரு திமிங்கிலம், இரண்டு குப்பிகள்

2023ஆம் ஆண்டு மாசி மாதம். கடல் அலையடங்கிக் கிடக்கும் பருவம். அப்போதுதான் உஷாந்தி, பற்றிக் கொறேறா என்பவரை முதன்முதலாகக் கண்டாள். கண்ட அன்றே அவளுக்கு அவரைப் பிடிக்காமற்போயிற்று.

திமிங்கிலத் தோல் பொறுக்கப் புறப்பட்ட படகுக்கு அவர் மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார்.

"இது நனையிற வேலை, மிஸ்டர் கொறேறா."

"கடலுக்கு நான் கலியாண வீட்டுக்குப் போற மாதிரித்தான் போவன், மிஸ். பிடிக்காட்டி மற்றப் பக்கம் பாருங்கோ."

அவருக்கு அறுபத்தெட்டு வயது. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகத்தில் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் படகில் முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்தவர். மணம் செய்யவில்லை. தங்கை ஐறீனோடு வாழ்ந்தார். பக்கத்து வீட்டாரோடு ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை.

உஷாந்தி வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தை நடத்தினாள். மற்றைய நீலத்திமிங்கிலங்கள் பலவற்றைப்போலத் தென்துருவக் கடலுக்குப் போகாமல், ஆண்டு முழுவதும் நம் கடலிலேயே தங்கிவிடும் கூட்டம் ஒன்றை அவள் ஆராய்ந்தாள். திமிங்கிலம் மூழ்கிய இடத்தில் மிதக்கும் தோற்துண்டுகளை வலைக்கரண்டியால் அள்ளி, மதுசாரம் நிரப்பிய குப்பியில் இடுவது பற்றிக்கின் வேலை. தோலின் மரபணு, அது எந்த விலங்கினுடையது என்று காட்டிக்கொடுக்கும். அதே விலங்கு வேறொரு நாளில் மீண்டும் அகப்பட்டால், அது திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். அவ்வாறு அகப்படுபவை மிகுந்தால், கூட்டம் சிறியது என்று கொள்ள வேண்டும்.

பற்றிக் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தார். இரண்டாம் மாதமே உஷாந்தி அதை நிறுத்தினாள்.

"இனிக் கொப்பி வேண்டாம். இந்தப் படிவத்தை நிரப்பினாப் போதும்."

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: குப்பியின் இலக்கம், இடம், ஒப்படைத்த திகதி.

"இதில எழுத இடமே இல்லையே, மிஸ்."

"நான் உங்களிட்டக் கேட்டது தோல். கதை இல்லை."

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் அவளோடு வேண்டாத ஒரு சொல்லும் பேசவில்லை. அவளும் அதை விரும்பினாள்.

2025ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு வெளியானது. நாற்பத்தொரு திமிங்கிலங்களே எஞ்சியுள்ளன என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை எழுதிற்று. கப்பல்கள் திமிங்கிலங்களை மோதாதபடி கப்பற்பாதையைத் தெற்கே தள்ளுவதா என்று முடிவுசெய்யும் கூட்டம் வியாழக்கிழமை. உஷாந்தியின் எண்ணிக்கையே அங்கே முதற்சான்று.

திங்கட்கிழமை காலை, பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி பற்றிக் ஆய்வுகூடத்துப் படிகளை மூச்சிரைக்க ஏறிவந்தார்.

"நாப்பத்தொண்டு எண்டு ஆர் எண்ணினது?"

"மரபணு எண்ணினது. எல்லாம் ஒரு மாதம் கழிச்சுத் திருப்பி அம்பிட்டிருக்கு."

"அம்பிடாம என்ன செய்யும்? நான்தானே ஒரு தோலை ரெண்டு குப்பியில போட்டனான்!"

அவர் விளக்கினார். எரிபொருட்படகில் எண்ணெய் மாதிரியை இரண்டு குப்பிகளில் எடுத்து, இரண்டுக்கும் வெவ்வேறு இலக்கமிட்டு, ஒன்றை அன்றே கொடுப்பார்கள். தகராறு வந்தால் சாட்சிக்கு வேண்டுமென்று மற்றதை ஒரு மாதம் பூட்டிவைப்பார்கள். தோலையும் அவர் அப்படியே செய்தார். ஒரு மாதம் கழித்து அவர் கொடுத்த இரண்டாம் குப்பியை, படிவத்தில் ஒப்படைத்த திகதி மட்டுமே இருந்ததால், அவள் திரும்பி வந்த திமிங்கிலமென்று எண்ணிவிட்டாள்.

"வேணுமெண்டே செய்திருக்கிறீங்க! ஏன் சொல்லேல்லை?"

"கதை வேண்டாம் எண்டது ஆர்? வேணுமெண்டு செய்தவனெண்டா, வியாழக்கிழமை கப்பற்காரர் உங்களைக் கிழிக்கிறதைக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு வீட்டில இருந்திருப்பன்."

எது இரட்டைக் குப்பி, எது உண்மையாகவே திரும்பி வந்த விலங்கு என்பதை மரபணுவால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருடைய கொப்பியால் மட்டுமே முடியும்; அவர் எழுதுவதை நிறுத்தியிருக்கவில்லை.

"அந்தக் கொப்பியைத் தாங்கோ."

"இப்ப வேணுமோ? வீட்டுக்கு வந்து கேளுங்கோ." அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் உஷாந்தி கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கதவைத் திறந்த ஐறீன் குரலைத் தாழ்த்தினாள்.

"ராவு முழுக்க நெஞ்சு நோ, பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறார். கோவப்படுத்திப் போடாதையும்."

பற்றிக் கட்டிலிற் சாய்ந்திருந்தார். மடியில் கொப்பி கிடந்தது. அதை அவர் கொடுக்கவில்லை. அவர் வாசிக்க, அவள் முழங்காலில் தாளை வைத்து எழுதினாள். பிந்தினால் அதட்டினார். பொழுது சாயும்வரை எழுதி, கணக்கைத் திருத்தினாள். கூட்டம் இருநூறைத் தாண்டியது. அதுவும் வெளியிலிருந்து இரத்தம் கலவாத சிறு கூட்டமே. ஆயினும் நாற்பத்தொன்று என்ற அச்சம் போய்விட்டது.

"தொகை கூடினா அவங்கள் பாதையை மாத்தமாட்டாங்கள்," என்றாள் கசப்போடு.

"பொய்த் தொகை குடுத்துப் பிடிபட்டா, அதுக்குப் பிறகு நீங்க மெய் சொன்னாலும் மாத்தமாட்டாங்கள்."

அவள் பேனாவை மூடினாள். "அறிக்கையில உங்களுக்கு நன்றி எண்டு ஒரு வரி போடுறன்."

"உங்கட நன்றி ஆருக்கு வேணும்?"

அவள் எழுந்தாள், இருக்கச் சொல்லி ஒருவரும் மறிக்கவில்லை. புதன்கிழமை விடியுமுன் அவர் இறந்துபோனார். ஆகையால், அவள் வாசலைத் தாண்டும்போது அவர் கேட்டதே அவளிடம் கடைசியாகக் கேட்டதாயிற்று:

"முதற் பக்கத்திலயே பிழையை எழுதுங்கோ, மிஸ். ரெண்டாப் பிரிச்சது பற்றிக் கொறேறா, கேக்காம விட்டது உஷாந்தி எண்டு. ரெண்டு பேரையும் போடுங்கோ."